பகல் தூக்கத்தை வீட்டைவிட்டு அனுப்பிய அம்மா

புருஷனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியவர் என்று எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் சொல்லியும் இருப்பீர்கள். அந்தப் பேச்சு உண்மை. 1962 பங்குனியில் தொடங்கி, மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், அப்பா பாயையும் தலையணையையும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வேறிடம் போய்த் தூங்கினார். அனுப்பியவர் அம்மா. எதற்காக அனுப்பினார் என்பதை மட்டும் யாரும் சரியாகச் சொன்னதில்லை. அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம்.

அம்மா பிறந்தது குள்ளஞ்சாவடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், நிலமில்லாத கூலிக் குடும்பத்தில். பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. ரேஷன் கார்டில் இருப்பது, எழுத வந்தவரிடம் அப்பா உத்தேசமாகச் சொன்ன வயது. அதைப் பின்னோக்கிக் கழித்து ஒரு தேதியை உண்டாக்கி இந்த மலரின் அட்டையில் போட எனக்கு மனமில்லை. அட்டையில் பிறந்த நாள் இல்லாததற்கு அச்சகத்தாரைக் குறை சொல்ல வேண்டாம். கீழே நான் தரும் ஆண்டுகளும் மாதங்களும் அப்பாவின் சட்டைப்பை டைரிகளிலிருந்து எடுத்தவை. அப்பா அவற்றில் எழுதியது பெரும்பாலும் எந்த வாரம் எந்த ஷிப்ட் என்பதுதான். டைரியில் இல்லாததை என் நினைவு என்றே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் இளமையைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. விவரம் தெரிந்த நாளிலிருந்து நடவுக்குப் போனவர். ஆண்டை வீட்டு வாசலில் நின்று பேசும்போது தன் தகப்பனார் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதைப் பார்த்து வளர்ந்தவர். தானும் பொத்தியவர். அந்த ஊரை நினைத்து அம்மா ஏங்கி நான் பார்த்ததில்லை. திரும்பிப் போகலாமா என்று யாராவது கேட்டால், "அங்க இன்னா இருக்குது?" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

அப்பா 1957இல் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டு பெர்மனென்ட் ஆனார். 1959 தை மாதம் எங்களுக்கு நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எனக்கு அப்போது ஐந்து வயது நிறையவில்லை. தம்பி செல்வராசு மூன்று மாதக் குழந்தை. ஓர் அறை, ஒரு சமையலறை, முன்பக்கம் இரண்டு படி. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். கதவைச் சாத்தினால் சாத்தியதுதான், உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. அந்தக் கதவு அம்மாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்பாவின் வேலையைச் சொல்லாமல் மற்றது விளங்காது. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி, நீளமான ரப்பர் பெல்ட்டில் ஓட விட்டு வெளியே கொட்டுவார்கள். அந்த பெல்ட்டின் அருகில் நின்று பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. கண் அசரக்கூடாத வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியான ஷிப்ட், ஒரு வாரம் நைட் ஷிப்ட். நைட் ஷிப்ட் வாரத்தில் அப்பா காலையில் வந்து குளித்து, சாப்பிட்டு, ஏழரை மணிக்குப் படுப்பார். மூன்று மணி வரை எழுப்பக்கூடாது. இருந்தது ஓர் அறை.

அம்மா ஒரு தவறு செய்தார். பிற்காலத்தில் அவரே இதைப் பலரிடம் சொல்லியிருப்பதால் நான் மறைக்க வேண்டியதில்லை. அப்பா தூங்க வேண்டும் என்பதற்காக அம்மா வீட்டிலிருந்த சத்தம் அத்தனையையும் நிறுத்தினார். பாத்திரங்களைத் துணி விரித்து அதன்மேல் வைப்பார். ஆட்டுக்கல் பக்கம் போகமாட்டார். தம்பி "ஆ, ஊ" என்று ஆரம்பித்தால் உடனே பால் கொடுப்பார், இல்லாவிட்டால் விரல் நுனியில் சர்க்கரை தொட்டு நாக்கில் வைப்பார், இரண்டும் பலிக்காதபோது உள்ளங்கையால் வாயை மெல்ல மூடுவார். எனக்கு விரலை உதட்டில் வைத்துக் காட்டுவார். நான் ரகசியக் குரலிலேயே பேசிப் பழகி, பள்ளியில் சேர்ந்தபோது சத்தமாகப் பேசச் சொல்லி ஆசிரியையிடம் திட்டு வாங்கினேன். ஒரு வாரம் கழிந்தால் அடுத்த வாரம் பேசலாமே என்று கேட்கலாம். மூன்றில் ஒரு வாரம் வாயை மூடிப் பழகிய குழந்தைக்கு மற்ற இரண்டு வாரம் திறக்கத் தோன்றவில்லை. மத்தியான ஷிப்ட் வாரத்திலும் அப்பா காலையில் தாமதமாக எழுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காக அம்மாவுக்குக் கிடைத்தது பாராட்டு. "வூட்ல கொழந்த இருக்கறதே தெரியல, தங்கமான புள்ள" என்று குழாயடியில் சொல்வார்கள். தம்பிக்கு இரண்டரை வயது ஆனது. அதே குழாயடியில், அதே வாய்கள், "ஊமப் புள்ளயா?" என்று கேட்டன.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வைத்தியம் வர ஆரம்பித்தது. ஒருவர் வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவச் சொன்னார். ஒருவர் நாக்கின் அடியில் வெட்டிவிட வேண்டும் என்றார். வந்தவர்கள் எல்லோரும் தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்து, "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று கேட்டார்கள். அவன் அவர்களுடைய வாயைப் பார்ப்பான். பிறகு என் பின்னால் வந்து ஒளிந்துகொள்வான்.

1962 பொங்கலுக்குப் பெரியப்பா வந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு ஏழு வயது. தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியப்பாதான். அவர் எதிரில் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, மறுத்துப் பேசியும் கேட்டதில்லை. பெரியப்பாவுக்கு மூன்றும் பெண்கள். அந்த முறை அவர் ஒரு தூக்குப் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு வந்திருந்தார். ஊர்க்கோயில் மணியைக் கழுவிய தண்ணீர். அதைக் குடித்தால் பேச்சு வரும் என்பது நம்பிக்கை.

சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா விஷயத்துக்கு வந்தார்.

"இத்த மூணு நாளைக்குக் குடுத்துப் பாரு. பேச்சு வந்தா சரி. வரலன்னா, எனக்கு ஒரு யோசன இருக்குது. பேசாத புள்ள பள்ளிக்கூடம் போயி இன்னா பண்ணப்போவுது? எங்கிட்ட வுட்டுடு. ஆடு ஓட்டிக்கினு கெடப்பான். எனக்கும் ஆண் புள்ள இல்ல. நல்லா பாத்துக்குவேன்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அது ஆபத்தாக இருந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வருஷம் போவட்டும்ணே" என்றார். அம்மாவிடம் கேட்காமல் கொடுத்த தவணை அது. வருகிற பொங்கலுக்குள் தம்பி பேச வேண்டும், இல்லாவிட்டால் பெரியப்பாவோடு போக வேண்டும்.

அம்மா தூக்குப் பாத்திரத்தை எடுத்தார். பெரியப்பாவின் எதிரிலேயே அந்தத் தண்ணீரை அண்ணாந்து முழுவதும் குடித்தார்.

"இன்னாம்மா பண்ற? புள்ளைக்குக் கொண்டாந்தது."

"புள்ளைக்கு முன்னாடி நாந்தான் மாமா வாய மூடிக்கினு இருந்தேன். எனக்கு மொதல்ல வேல செய்யட்டும்."

அப்பாவின் அண்ணனை அம்மா மாமா என்றுதான் அழைப்பார். அவரிடம் அம்மா இவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் முறை என்பது என் நினைவு.

மாசி மாதம் அம்மா தம்பியை நகரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் போனேன். அங்கிருந்த டாக்டர் அம்மாள் அவனுக்குப் பின்னால் நின்று கை தட்டினார், சாவிக்கொத்தை ஆட்டினார், மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொன்றுக்கும் அவன் திரும்பினான்.

"காது நல்லா கேக்குது. நாக்குலயும் கோளாறு இல்ல. வீட்ல இவனோட யார் பேசறீங்க?"

அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அந்த மாதக் கடைசியில் பக்கத்து ஊரான வடக்குத்தில் சித்திக்குக் குழந்தை பிறந்தது. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒன்பது நாள் இருந்தார். அங்கே ஒரு வீட்டில் பதினோரு பேர். ஒருவர் பேசி முடிக்குமுன் இன்னொருவர் ஆரம்பிப்பார். இரண்டாம் நாள் தம்பி சித்தப்பாவின் தோளில் உட்கார்ந்து கத்தினான். சொல் எதுவும் இல்லை, வெறும் கத்தல். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது நாளும் கத்தினான். பிறகு நாங்கள் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினோம். அது நைட் ஷிப்ட் வாரம், அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். முன்பக்கப் படியில் கால் வைத்ததும், அம்மா எதுவும் செய்யாமலே, தம்பி தன் விரலை எடுத்துத் தன் உதட்டின் மேல் வைத்துக்கொண்டான். பிறகு எங்களைப் பார்த்து, நாங்களும் வைக்கிறோமா என்று சரிபார்த்தான்.

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிக்கு அப்பா எழுந்து வந்து கதவைத் திறக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"இன்னா இங்க குந்தியிருக்கற? எப்ப வந்த?"

"அடுத்த நைட் ஷிப்ட்லேர்ந்து நீங்க பகல்ல இங்க தூங்க வேணாங்க."

அப்பா சிரித்தார். "நான் எங்க போயி தூங்கறது? பெல்ட்டு மேலயா?"

"ஆறுமுகம் அண்ணன் ரூமு பகல்ல காலியாத்தான கெடக்குது."

ஆறுமுகம் மாமா அப்பாவோடு வேலையில் சேர்ந்தவர், கல்யாணம் ஆகாதவர், நிரந்தரமாகப் பகல் வேலை. பிரம்மச்சாரிகளுக்கான குடியிருப்பில் தனி அறை இருந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"ஊரு இன்னா சொல்லும்? பொண்டாட்டி தொரத்திட்டான்னு சொல்லாது?"

"சொல்லட்டும். எங்கப்பன் ஆண்ட எதிர்ல வாயப் பொத்திக்கினு நின்னாரு. நான் நின்னேன். என் புள்ள எவனும் சொல்லாமயே பொத்திக்கினு நிக்கறான், அவன் சொந்த வூட்டு வாசப்படியில. அத்த நான்தான் கத்துக் குடுத்தேன். அத்த நான்தான் எடுக்கணும்."

அப்பா இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. டைரியில் அந்த இரண்டு நாள் பக்கங்களில் ஷிப்ட் விவரம்கூட இல்லை. அடுத்த நைட் ஷிப்ட் பங்குனியில் வந்தது. முதல் நாள் காலை, அப்பா சாப்பிட்டுவிட்டுப் பாயைச் சுருட்டினார். அன்றைய குறிப்பு: "ஆறுமுகம் ரூம். தூக்கம் சுமார்."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழுந்த சத்தத்தை குவார்ட்டர்ஸ் வரிசை முழுதும் அறியும். அம்மா எழுந்தது முதல் பேசினார். செய்வதையெல்லாம் தம்பியிடம் சொல்லிக்கொண்டே செய்தார். "அரிசி களையறேன் பாரு, தண்ணி வெள்ளையா வருது பாரு, கீழ ஊத்தட்டுமா, செடிக்கு ஊத்தட்டுமா?" கேட்டுவிட்டு நிற்பார். கையில் பாத்திரத்தோடு நிற்பார். அவன் செடியைப் பார்த்தால், "செடிக்கா, சரி, செடிக்கு ஊத்துவோம்" என்று ஊற்றுவார். அவன் கையை நீட்டினாலும் அது பதில், மூக்கால் முனகினாலும் அது பதில். கேள்வி கேட்டால் பதில் வர இடம் விட வேண்டும் என்பதை அம்மா எங்கே கற்றார் என்று தெரியவில்லை. குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பிற்காலத்தில் நான் படித்த நூல்களில் இதே விஷயத்தைப் பார்த்தபோது அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "இத்த சொல்றதுக்கு ஒரு பொஸ்தகமா?" என்றார்.

ஒரு சொல்லை மட்டும் அம்மா வீட்டில் தடை செய்தார். தம்பியைப் பார்த்து "சொல்லு" என்று யாரும் சொல்லக்கூடாது. அப்பா சொல்லக்கூடாது, நான் சொல்லக்கூடாது, வருகிறவர்கள் சொன்னால் அம்மா முகத்துக்கு நேரே நிறுத்துவார். "அவன் இன்னா கிளியா? பேசுங்க அவங்கிட்ட. சொல்லச் சொல்லாதீங்க." ஊமை என்ற சொல்லைச் சொன்ன ஓர் உறவுக்காரருக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பியதும் உண்டு. அவர் பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை.

குழாயடியில் சிரித்தார்கள். தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போதும் அம்மா இடுப்பில் இருந்த தம்பியிடம் பேசிக்கொண்டிருப்பார்.

"பாறாங்கல்லுகிட்ட கதாகாலட்சேபம் நடக்குது பாருங்கடி" என்றாள் ஒருத்தி.

"பாறாங்கல்லுக்குக் காது இல்ல. எம் புள்ளைக்கு இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. ஒனக்கு இருக்குதான்னு ஒரு தரம் காட்டிக்கினு வா."

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கோமதி அக்காள் திருநெல்வேலிக்காரர். அவர் கணவருக்கும் அப்பாவின் அதே ஷிப்ட். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கோமதி அக்காள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எங்கள் படியில் வந்து நின்றார்.

"ஏட்டி, ஒம் புருஷன வெரட்டியாச்சு. இப்பம் எம் புருஷனையும் வெரட்டணுமா? அவுக கண்ணு மூட வேண்டாமா? என்னத்துக்கு இந்தத் தொண்டத் தொறப்பு?"

"அக்கா, என் புள்ளைக்கு மூணரை வயசு. வர்ற பொங்கலுக்கு அவன தூக்கிக்கினு போறேன்னு சொல்லியிருக்காங்க. நான் பேசறத நிறுத்த மாட்டேன். அண்ணனையும் ஆறுமுகம் அண்ணன் ரூமுக்கு அனுப்புங்க."

கோமதி அக்காள் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் வீட்டிலும் ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. "சத்தமே போடாது, நல்ல பிள்ள" என்று அவரும் பெருமை பேசிக்கொண்டிருந்தவர். நின்றவர் திரும்பிப் போனார். மறுநாள் காலை இரண்டு சைக்கிள்கள் பாயோடு போயின. ஆடி மாதத்துக்குள் அந்த அறையில் நான்கு பேர் தூங்கினார்கள். ஆறுமுகம் மாமா கட்டிலைத் தூக்கி வெளியே நிறுத்திவிட்டு, "எனக்கு முன்னாடி என் ரூமுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பியின் சத்தங்களை டைரியில் குறிக்கும்படி அம்மா அப்பாவிடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆடியில் முதல் குறிப்பு: "சங்கு ஊதியது. பையனும் ஊதினான்." ஷிப்ட் மாறும் சங்கைக் கேட்டு அவனும் "ஊ" என்றிருக்கிறான். ஆவணியில் "மா". அது அம்மாவையா, மாட்டையா என்று அப்பாவுக்குச் சந்தேகம், இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஐப்பசியில் "தா", "வா", "இன்னா". மார்கழி முடிவில் எண்ணிப் பார்த்தால் பதினாறு சொற்கள். எல்லாம் எங்களிடம் மட்டும். வெளியாள் வந்தால் வாய் மூடிக்கொள்ளும்.

1963ஆம் ஆண்டு. பெரியப்பா வந்தது மாட்டுப் பொங்கலன்று என்று உறவில் சிலர் சொல்வார்கள். டைரிப்படி அது காணும் பொங்கல்.

"இன்னா தம்பி, வருஷம் ஓடிப்போச்சு" என்றார் பெரியப்பா, கை கழுவிக்கொண்டே. "புள்ள பேசறானா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "பேசறான்" என்றார்.

"எங்க, ஒரு வார்த்த சொல்லச் சொல்லு, கேப்போம்."

"சொல்லச் சொல்ல மாட்டேன் மாமா. தோணுனா பேசுவான்."

"தோணுனா பேசுவானா? கலெக்டரா அவன்?" பெரியப்பா சிரித்தார். தம்பியின் எதிரில் குந்தினார். "டேய் ராசா, பெரியப்பா கேக்கறேன். ஒம் பேரு இன்னா?"

தம்பி அவருடைய மீசையைப் பார்த்தான். பேசவில்லை. பெரியப்பா வேறு மாதிரியும் கேட்டுப் பார்த்தார். அவன் வேட்டி நுனியைப் பிடித்துப் பார்த்தானே தவிர வாய் திறக்கவில்லை. பெரியப்பா பெருமூச்சு விட்டு எழுந்தார். அவர் முகத்தில் வருத்தம்தான் இருந்தது.

"நான் சொன்னது சொன்னதுதான். இத்த வெச்சிக்கினு நீங்க இங்க அல்லாடாதீங்க. வாடா ராசா. பெரியப்பா வூட்ல ஆடு இருக்குது, ரெண்டு குட்டி போட்டிருக்குது. வரியா?"

கையை நீட்டினார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். ஆடு என்றால் அவனுக்கு உயிர். இருவரும் படியிறங்கினார்கள். அப்பா வாசலில் தூணைப் போல் நின்றார். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், சொல்லுடா" என்று வாய் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினார். அந்தக் கிள்ளலின் தடம் நான்கு நாள் இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதும் அவர் "சொல்லு" என்று சொல்லவில்லை. யாரையும் சொல்லவும் விடவில்லை.

கோமதி அக்காளின் வீட்டைத் தாண்டினார்கள். குழாயடி வந்தது. அங்கிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். தம்பி நின்றான். திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தான். கையை உருவிக்கொண்டான்.

"மாத்தேன்."

பெரியப்பா குனிந்தார். "இன்னாடா?"

"மாத்தேன். ஆது இங்க வா."

நான் வரமாட்டேன், ஆடு இங்கே வரட்டும் என்பது அதன் பொருள். குழாயடியில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியப்பா எங்கள் வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"மொத மொத எங்கிட்ட பேசற பேச்சே, என்ன எதுத்தா?"

"எதுத்துப் பேசல மாமா" என்றார் அம்மா. "நீங்க வரியான்னு கேட்டீங்க. அவன் பதில் சொல்றான்."

அப்போது அப்பா படியிறங்கிப் போய்த் தம்பியைத் தூக்கிக்கொண்டார். தன் அண்ணனை நேராகப் பார்த்து, "குட்டிய இங்க கொண்டாந்து வுடுங்கண்ணே, அவன் வளக்கட்டும்" என்றார். பெரியப்பாவிடம் அப்பா சொன்ன முதல் மறுப்பு அதுதான் என்று நினைக்கிறேன். டைரியில் அன்றைய பக்கத்தில் மூன்றே வரிகள். "காணும் பொங்கல். அண்ணன் வந்தார். மாட்டேன்."

பெரியப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாசி மாதம் அவர் பஸ் கண்டக்டரிடம் சண்டை போட்டு ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு தன் வாழ்நாளில் ஊமை என்ற சொல்லை அவர் யாரையும் குறித்துச் சொல்லவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகச் சொல்கிறேன். வீட்டின் அமைதிதான் தம்பியின் பேச்சைக் கெடுத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. சில குழந்தைகள் தாமதமாகவே பேசும் என்பதும் நான் படித்ததுதான். அம்மா ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலும் அவன் பேசியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவன் ஆட்டின் பின்னால் போயிருப்பான் என்பது மட்டும் நிச்சயம்.

அதற்குப் பிறகு பேசாத குழந்தை இருக்கும் வீடுகளில் அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். உள்ளே நுழைந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "இந்த வூட்ல பகல்ல யாரு தூங்கறாங்க?" என்பது. எல்லா இடத்திலும் அம்மா வென்றார் என்று எழுதினால் அது பொய். அடுத்த வரிசையில் ஒரு பெண் குழந்தைக்கு மூன்று மாதம் தினமும் பேச்சு கொடுத்தார். பிறகுதான் அதற்குக் காது கேட்கவில்லை என்று அவருக்கே புரிந்தது. மூன்று மாதத்தை வீணாக்கினேன் என்று அம்மா அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு அவரே கூட இருந்து டாக்டர் அம்மாளிடம் அழைத்துப் போனார். அந்தக் குழந்தை கையால் காட்டுவதையெல்லாம் கற்றுக்கொண்டு, அதனோடு கையாலேயே சண்டை போடுவார். அந்தக் குடும்பத்தார் இன்றைக்கும் எங்களுக்கு உறவு போலத்தான்.

தம்பி அந்த ஆண்டே பள்ளியில் சேர்ந்தான், ஐ.டி.ஐ. முடித்தான், சுரங்கத்தில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றான். அப்பா மறைந்த பிறகு அம்மா வடக்குத்தில் தம்பி கட்டிய வீட்டில் இருந்தார். கடைசியில் ஒன்பது நாள் காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்தார். நினைவும் பேச்சும் தவறவில்லை. மறைவதற்கு முந்தின நாள் மாலைகூடப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மருமகளிடம், கைக்குழந்தையின் கையில் செல்போனைக் கொடுத்ததற்காகச் சண்டை போட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பெயர் தெரியாத அந்த டாக்டர் அம்மாள். தன் அறையை நான்கு பேருக்கும் திறந்து வைத்த ஆறுமுகம் மாமா. கோமதி அக்காள், அவருடைய பெண். கடைசி ஒன்பது நாளும் உடனிருந்த செவிலியர்கள். பந்தலும் பாத்திரமும் கொடுத்து உதவிய வடக்குத்துத் தெருவினர். பாறாங்கல் என்று சிரித்தவர்களுக்கு நன்றி கிடையாது. அம்மா அவர்களை மன்னித்ததாக என்னிடம் சொன்னதில்லை. அவர் சொல்லாததை அவர் பெயரில் நான் எழுத முடியாது.

ஓர் அறிவிப்போடு முடிக்கிறேன். தம்பிக்கு வேகமாகப் பேசினால் இன்னமும் திக்கும். கூட்டம் என்றால் அதிகமாகத் திக்கும். அதனால் நினைவு நாளன்று நன்றியுரையை வேறு யாராவது சுருக்கமாகச் சொல்லிவிடலாமே என்று உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். நன்றியுரை தம்பிதான் சொல்வான். ஒவ்வொருவர் பெயரையும் சொல்வான். நேரம் ஆகும். நடுவில் நிற்கும்போது யாரும் வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம். எல்லோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். பந்தி அதற்குப் பிறகுதான்.